ஹூக்லெஸ் ரிம்மில் 85 பிஎஸ்ஐ, பள்ளத்தில் டயர் கழன்றது: பதில்

சைக்கிளில் ஹூக்லெஸ் ரிம் (டயரைப் பிடிக்கும் கொக்கி இல்லாத சக்கர வளையம்), எடை 90 கிலோ என்பதால் 85 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) அடித்தேன், பள்ளத்தில் டயர் கழன்றுவிட்டது, தொழில்முறை வீரர்களும் இதைத்தானே ஓட்டுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். 85 பிஎஸ்ஐ வேண்டாம், இன்றே இறக்கிவிடுங்கள். ஹூக்லெஸ் ரிம்முக்கு உச்சவரம்பு 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ. எடை 90 கிலோ என்பதற்காக அதைத் தாண்டக் கூடாது. டயரைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி அந்த விளிம்பில் இல்லை, அதனால் காற்று கூடியிருக்கும்போது பள்ளத்தில் அடி வாங்கினால் டயர் அப்படியே மேலேறி வெளியே வந்துவிடும், உங்களுக்கு நடந்ததும் பெரும்பாலும் இதுதான்.

அகலமும் இடிக்கிறது. ரிம்மின் உள் அகலம் 25 மிமீ, டயர் 28 மிமீ என்கிறீர்கள். புதிய ஐஎஸ்ஓ (சர்வதேசத் தர அமைப்பு) தரம் அந்த ரிம்முக்குக் குறைந்தது 29 மிமீ டயர் கேட்கிறது. 2024 பிப்ரவரியில் யுஏஇ டூர் சைக்கிள் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி கெண்ட் விழுந்தபோது விவாதமானது இதே 25-28 சேர்க்கைதான். ஆகவே “தொழில்முறை வீரர்களே ஓட்டுகிறார்களே” என்பதை நான் ஏற்க மாட்டேன், அவர்கள் ஸ்பான்சர் கொடுப்பதை ஓட்டுகிறார்கள்.

இப்போது செய்ய வேண்டியது:

1. டயர் பக்கவாட்டில் ட்யூப்லெஸ் (உள்ளே ட்யூப் இல்லாமல் ஓடக்கூடியது) என்றும் ஹூக்லெஸ்ஸுக்குப் பொருந்தும் என்றும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மாட்டவே கூடாது, உள்ளே ட்யூப் போட்டாலும் சரி.
2. ரிம், டயர் இரண்டிலும் உள்ள உச்ச அழுத்தத்தில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. பம்பின் முள்ளை நம்பாமல் தனி கேஜ் (அழுத்தமானி) வைத்து அளந்து பாருங்கள்.
3. 30 அல்லது 32 மிமீ டயருக்கு மாறுங்கள், ஃபிரேமில் இடம் இருந்தால். உங்கள் எடைக்குக் குறைந்த காற்றிலேயே தாங்கும்.

ஒரு தடவை கழன்ற டயரைத் திரும்ப மாட்டாதீர்கள், டயரின் விளிம்பு இழுபட்டிருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. கார்பன் ரிம் என்றால் விரிசல் உண்டா என்று கடையில் காட்டிவிட்டு அப்புறம் ஓட்டுங்கள்.