வெற்றிடம் இல்லை என்றால் ஆசிரியர் எங்கே?

கேள்வி: நெடுந்தீவில் பாடசாலை அபிவிருத்திச் சங்க உறுப்பினராக இருக்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கணிதம், விஞ்ஞானம் படிப்பிக்க வருகிறவர்கள் நிலைத்து நிற்பதில்லை. வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டால் ஆளணி (இருக்க வேண்டிய ஆசிரியர் தொகை) சரி, வெற்றிடம் இல்லை என்கிறார்கள். மேலிடத்தில் செல்வாக்கு உள்ளவர் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர், பெற்றோரிடம் காசு சேர்த்துக் கொடுத்தால் இரண்டு ஆசிரியர்களை நிரந்தரமாக எடுத்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? படகு நேரத்தை மாற்றித் தரும்படி கேட்டால் பிரயோசனம் இருக்குமா?

பதில்: காசு கொடுக்க வேண்டாம். ஒரு சதமும் வேண்டாம். அந்த ஆளோடு இனிப் பேச்சும் வேண்டாம்.

இப்படிப்பட்டவர்கள் வேலை செய்யும் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். வருட இடமாற்றப் பட்டியல் எப்படியும் வரும். அதில் உங்கள் பாடசாலைக்கு யாராவது பெயரிடப்பட்டால், "நான்தான் போடுவித்தேன்" என்று வந்து நிற்பார். வராவிட்டால், "கோப்பு மேலே போய்விட்டது, இன்னும் கொஞ்சம் வேண்டும்" என்பார். இரண்டிலும் அவருக்கு நட்டமில்லை. அதே ஆள் மறுபக்கத்தில், தீவுக்கு நியமனம் கிடைத்த இளம் ஆசிரியையின் தகப்பனிடம் போய், பிள்ளையை யாழ்ப்பாணத்துக்கு எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்பார். உங்களிடம் கொண்டுவருவதற்கு ஒரு விலை, அவர்களிடம் கொண்டுபோவதற்கு இன்னொரு விலை. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டப்படி லஞ்சம் வாங்குகிறவர் மட்டுமல்ல, கொடுக்கிறவரும் குற்றவாளிதான். பெற்றோர் கையெழுத்து வைத்துச் சேர்த்த காசென்றால், அந்தப் பட்டியலே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். முறைப்பாடு செய்ய லஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954ஐ அழையுங்கள்.

சரி, வெற்றிடம் இல்லை என்கிறார்களே, அது பொய்யா? பெரும்பாலும் பொய் இல்லை. ஏட்டில் உங்கள் பாடசாலைக்குக் கணித ஆசிரியர் இருப்பார், சம்பளமும் உங்கள் பாடசாலைப் பெயரில்தான் போகும். ஆள் மட்டும் "தற்காலிக இணைப்பு" என்ற கடிதத்தோடு வேறொரு பள்ளிக்கூடத்தில் இருப்பார். மூன்று மாதம் என்று தொடங்கி, நீடித்து நீடித்து, கடைசியில் எல்லோரும் மறந்துபோகிற இணைப்புகள் இருக்கின்றன. அதிபரின் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் நேரசூசியைப் போய்ப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்புக் கணித பாடவேளைகளில் ஒரு பெயர் பேனையால் எழுதியிருக்கும். அதன் மேல் பென்சிலால் விவசாய ஆசிரியரின் பெயரோ உடற்கல்வி ஆசிரியரின் பெயரோ இருக்கும். அந்தப் பேனைப் பெயர்தான் வலயத்தின் கணக்கில் நிற்கிறது. அது நிற்கும்வரை புதியவர் ஒருவரைப் போட இடமில்லை. ஆசிரியர் வருவதில்லை என்று நீங்கள் வருடக்கணக்காக மகஜர் கொடுக்கிறீர்கள். வந்தவர் எங்கே இருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

அதை எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தீவக வலயக் கல்வி அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். பாடவாரியாக அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை, உண்மையில் கடமையில் இருப்பவர்கள் எத்தனை பேர், வெளியே இணைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், எந்தப் பாடம், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, யாருடைய கட்டளையில் என்று கேட்டால் போதும். ஆட்களின் பெயரைக் கேட்காதீர்கள். கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று சொல்லி முழு விண்ணப்பத்தையும் தட்டிவிட ஒரு சாட்டுக் கிடைத்துவிடும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்பம் பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள். இவ்வளவையும் ஒரு பெற்றோர் சட்டம் பிடித்துக் கேட்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு ஆத்திரம். இந்தக் கணக்கை வலயமே தவணைதோறும் பாடசாலைப் பலகையில் ஒட்டியிருக்க வேண்டும்.

ஒரு விடயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். இணைப்பில் போனவர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறவர்கள் அல்ல. கர்ப்பிணியான ஓர் ஆசிரியையைச் சோளகக் காற்றடிக்கும் மாதங்களில் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஒரு மணி நேரம் படகில் ஏற்றிக் கொண்டுவர எவருக்கும் உரிமை இல்லை. கைக்குழந்தைக்காரி, சிறுநீரக நோய்க்குச் சிகிச்சை எடுக்கிறவர், படுக்கையில் கிடக்கும் தாயைத் தனியே பார்க்கிறவர், இவர்களுக்குக் கொடுத்த இணைப்பு நியாயமானது. அதை எதிர்த்து ஊரில் சுவரொட்டி ஒட்டுவது பெரிய அநியாயம். அப்படிப்பட்ட ஒருவரின் இணைப்பை நிறுத்தச் சொல்லி நீங்கள் வென்றாலும், அவர் மருத்துவ விடுமுறையில் போவார், வகுப்பு அப்போதும் வெறுமையாகத்தான் இருக்கும். கேட்க வேண்டியது, அவர் திரும்பும்வரை அந்தப் பாடத்துக்கு ஒரு பதிலாள். மருத்துவக் காரணம் உண்மையா என்று பார்ப்பது அலுவலகத்தின் வேலை, சங்கத்தின் வேலையல்ல. இணைப்புக்கு முடிவுத் திகதி உண்டா, பதிலாள் உண்டா, இந்த இரண்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனிப் படகு. கேட்டால் நிச்சயம் பிரயோசனம் உண்டு. ஆனால் எந்தப் படகைக் கேட்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். தினமும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து போகிற ஆசிரியருக்காகப் படகு நேரத்தை மாற்றச் சொல்லாதீர்கள். பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியே குறிகட்டுவானுக்குப் பஸ், அங்கிருந்து படகு, இறங்கி மறுபடி வாகனம் என்று தினம் வருகிறவர் ஏழரைக்கு வகுப்பில் நிற்க முடியாது. ஒன்றரைக்கு மணி அடிக்க முன்பே இறங்குதுறையைத்தான் நினைப்பார். திங்கள் முதல் வெள்ளி வரை தீவில் தங்குகிறவருக்குத் தேவை இரண்டே பயணங்கள்: வெள்ளி பின்னேரம் பாடசாலை விட்ட பிறகு புறப்படும் படகும், திங்கள் விடியற்காலைப் படகும். வெள்ளிப் படகு பிந்தினால் குறிகட்டுவானில் பஸ் போய்விடும். பெண் ஆசிரியை ஒருத்தி இருட்டில் இறங்குதுறையில் நிற்பார். இரண்டு தரம் அப்படி நடந்தால் மூன்றாவது மாதம் இடமாற்ற விண்ணப்பம் எழுதிவிடுவார்.

இதை யாரிடம் கேட்பது? குமுதினி, வடதாரகை என்ற படகுகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. 2017இல் அவுஸ்திரேலிய உதவியில் வந்த நெடுந்தாரகைப் படகு பிரதேச சபையிடம் இருக்கிறது. பஸ்ஸில் பாதி இலங்கைப் போக்குவரத்துச் சபை, மீதி தனியார். ஒரே பயணம், அதற்கு இத்தனை எசமானர்கள், ஒருவருடைய நேரம் மற்றவருக்குத் தெரியாது. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் தேர்தலே நடக்கவில்லை. ஆகவே போய்ப் பிடிப்பதற்கு மாகாணத்தில் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் ஒருவரும் இல்லை. தனித்தனியாக அலைந்தால் ஒருவர் மற்றவரைக் காட்டுவார். எல்லோரும் ஒரே மேசையில் இருக்கும் இடம் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம். அதில், வெள்ளிப் படகு வந்துசேரும்வரை கடைசிப் பஸ் குறிகட்டுவானில் காத்திருக்க வேண்டும் என்ற ஒரு வரியை மட்டும் தீர்மானமாக எடுக்கச் சொல்லுங்கள். பத்துக் கோரிக்கை கொண்டுபோனால் பத்தும் "கவனத்தில் எடுக்கப்பட்டது" என்று குறிப்பேட்டில் படுத்துவிடும்.

பெற்றோர் சேர்க்கத் தயாராக இருக்கும் காசை ஆசிரியர் விடுதிக்குப் போடுங்கள். உள்ளே தாழ்ப்பாளில்லாத குளியலறைக் கதவு, உப்புப் படிந்து அடைத்துப்போன குழாய், மழைக்கு ஒழுகும் அறை, இவற்றுக்குச் செலவு பெரிதல்ல. புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்களும் இதற்கென்றால் தயங்காது. அதிபருக்கு அறிவித்து, வலயத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிவிட்டுச் செய்யுங்கள்.

அப்புறம், இதைக் கேட்க உங்களுக்குக் கசக்கலாம். தீவில் தான் செய்ய வேண்டிய சேவைக்காலத்தை நேர்மையாக முடித்த ஆசிரியரை மறித்து வைக்காதீர்கள். பதிலாள் வரவில்லை என்று வருடக்கணக்கில் ஒருவரைப் பிடித்து வைத்தால், தீவுக்குப் போனால் திரும்ப விடமாட்டார்கள் என்ற கதை யாழ்ப்பாணம் முழுக்கப் பரவும். அடுத்த பட்டியலில் உங்கள் பாடசாலையின் பெயரைக் கண்டதும், புதியவர் அந்தத் தரகரின் வீட்டைத்தான் தேடிப் போவார். ஒவ்வொருவருக்கும் சேவைக்காலம் எப்போது முடிகிறது என்று அதிபரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். வருட இடமாற்ற விண்ணப்பங்கள் தொடங்கும் முன்பே அந்தப் பாடத்துக்குப் பதிலாள் கேட்டு வலயக் கல்விப் பணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போகட்டும், பிரதி மாகாணக் கல்விப் பணிப்பாளருக்கும்.