தவழாத குழந்தை, மாறிய அறிவுரை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பெண்ணுக்கு 11 மாதம் முடிந்துவிட்டது, இன்னும் தவழவில்லை. உட்கார்ந்தபடியே தேய்த்துத் தேய்த்து நகர்கிறாள். இவள் வயதே உள்ள நாத்தனார் மகன் நடக்கவே ஆரம்பித்துவிட்டான். தவழாத குழந்தைக்குப் பின்னால் படிப்பு வராது என்று எங்கேயோ படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

பதில்: முதலில் தூங்குங்கள். உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என 5 நாடுகளில் 816 ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, எது எப்போது வருகிறது என்று குறித்து 2006-ல் வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் தனியாக நடக்க ஆரம்பிக்கும் வயது அதில் 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை போகிறது. கிட்டத்தட்ட ஒன்பது மாத இடைவெளி! உங்கள் நாத்தனார் மகனும் உங்கள் பெண்ணும் அதற்குள் தாராளமாக அடங்கிவிடுவார்கள். இன்னொன்று, அந்தக் குழந்தைகளில் 4.3 சதவீதம் பேர் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. தேய்த்து நகரும் குழந்தைகள் கொஞ்சம் தாமதமாக நடப்பது வழக்கம்தான், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறுபடி கடிதம் போடாதீர்கள்.

அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2022-ல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது தவழ்தலையே எடுத்துவிட்டது. இயன்முறை மருத்துவர்கள் சிலருக்கு அதில் வருத்தம் உண்டு. எனக்குப் பிடித்தது வேறொரு மாற்றம். முன்பெல்லாம் பாதிக் குழந்தைகள் செய்யும் வயதைத்தான் பெரும்பாலும் எல்லையாகப் போடுவார்கள், அதாவது மீதிப் பாதிக் குழந்தைகளின் அம்மாக்கள் கவலைப்படுவது அந்தப் பட்டியலிலேயே எழுதிவைத்த மாதிரி. இப்போது நூற்றுக்கு 75 குழந்தைகளாவது செய்யும் வயதைப் போடுகிறார்கள்.

ஆனால் ஒரு பக்கக் கை காலை மட்டுமே பயன்படுத்துகிறாள், உடம்பு விறைப்பாக இருக்கிறது அல்லது துணி மாதிரி தொய்கிறது, நேற்று செய்ததை இன்று செய்ய முடியவில்லை, 18 மாதமாகியும் நடக்கவில்லை என்றால் காத்திருக்கவே கூடாது. அப்போது பட்டியலைத் தேடாமல் நேரே டாக்டரிடம் போங்கள். மற்றபடி, தவழாமல் போனதாலேயே படிப்பு கெடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது.

கேள்வி: அக்கா மகன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். அவன் குழந்தையாக இருந்தபோது மூன்று வயது வரை வேர்க்கடலையைக் கண்ணிலேயே காட்டாதீர்கள் என்றார் டாக்டர். அதே டாக்டர் என் ஆறு மாதக் குழந்தைக்குச் சீக்கிரம் ஆரம்பியுங்கள் என்கிறார். இவர்களை எப்படித்தான் நம்புவது?

பதில்: கோபம் நியாயமானது. உங்கள் டாக்டர் இரண்டு முறையும் அன்றன்றைக்கு இருந்த அறிவுரையைத்தான் சொன்னார். ஒவ்வாமை வர வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு 3 வயது வரை வேர்க்கடலை வேண்டாம் என்று 2000-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி சொன்னது. ஆபத்தான பொருளைத் தள்ளிவைத்தால் நல்லதுதானே என்ற யோசனைதான் அதற்கு அடிப்படை, சோதித்துப் பார்த்த ஆதாரம் கையில் பெரிதாக இல்லை. 2008-ல் அதைக் கைவிட்டார்கள்.

அதே 2008-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கிடியன் லாக் குழு ஒரு வினோதத்தைக் கவனித்தது. பிரிட்டனில் வளரும் யூதக் குழந்தைகளுக்கு இஸ்ரேலில் வளரும் குழந்தைகளைவிட ஏறக்குறைய 10 மடங்கு வேர்க்கடலை ஒவ்வாமை. இஸ்ரேலில் 'பாம்பா' என்ற வேர்க்கடலைத் தின்பண்டத்தைக் கைக்குழந்தையிலேயே கொடுத்துப் பழக்குகிறார்கள். இதுதான் காரணம் என்று தலைப்புச் செய்தி போட்டுவிட்டு ஓய்ந்திருக்கலாம். அவர்கள் செய்யவில்லை, அதற்காகவே அந்தக் குழுவின் மேல் எனக்கு மரியாதை. 4 முதல் 11 மாதம் வரையிலான, கடுமையான கரப்பானோ (எக்ஸிமா என்னும் தோல் அழற்சி) முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளைச் சேர்த்து, குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு வாரத்தில் 3 முறையாவது வேர்க்கடலை கொடுக்கச் சொன்னார்கள், மறு பாதிக்கு அறவே கூடாது என்றார்கள். 5 வயதில் பார்த்தால், தொடக்கத்தில் வேர்க்கடலைச் சாற்றைத் தோலில் வைத்துப் பரிசோதித்தபோது தடிப்பு வராத குழந்தைகளில், தவிர்த்தவர்களில் 13.7 சதவீதம் பேருக்கு ஒவ்வாமை, சாப்பிட்டவர்களில் 1.9 சதவீதம். 2015-ல் வந்த முடிவு இது. அதே பிள்ளைகளைப் பதின்ம வயதில் மறுபடி பரிசோதித்து 2024-ல் வெளியிட்டார்கள், பாதுகாப்பு அப்படியே நீடிக்கிறது.

ஏன் என்று கேட்டால், வெடித்த தோல் வழியாக முதலில் உள்ளே போகும் பொருளை உடம்பு எதிரியாக நினைக்கிறது, வயிற்றின் வழியாகப் போனால் சாப்பாடு என்று ஏற்றுக்கொள்கிறது என்பதுதான் இப்போதைய விளக்கம். சரி, வீட்டில் என்ன செய்வது? முழுக் கடலையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், மூச்சுக்குழாயில் சிக்கிவிடும். நைசாக அரைத்து, நீர்க்கக் கரைத்து, ஒரு ஸ்பூன் நுனியில் ஆரம்பியுங்கள். கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்தால் டாக்டர் பரிசோதித்த பிறகுதான். ஆரம்பித்தபின் நடுவில் விட்டுவிடவும் வேண்டாம்.

கேள்வி: வெளியே விளையாடினால் கிட்டப்பார்வை வராதாமே?

பதில்: வரவே வராது என்று இல்லை, குறையும். சீனாவின் குவாங்சோவில் 12 பள்ளிகளை எடுத்து, பாதிப் பள்ளிகளில் 6, 7 வயதுப் பிள்ளைகளுக்குத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே வகுப்பு வைத்தார்கள். 3 வருடத்தில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5. ஏற்கெனவே கண்ணாடி போட்ட பிள்ளை வெயிலில் நின்று அதைக் கழற்றிவிட முடியாது.

கேள்வி: 9 மாதக் குழந்தைக்கு வீடியோ போட்டு இன்னொரு மொழி கற்றுக்கொடுக்கலாமா?

பதில்: பட்ரீசியா கூல் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதே வயதுக் குழந்தைகளை வைத்தே 2003-ல் பார்த்துவிட்டார். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுடன் மாண்டரின் பேசுபவர் நேரில் உட்கார்ந்து 12 முறை விளையாடினார், கதை படித்தார். அந்தக் குழந்தைகளுக்கு மாண்டரின் ஒலிகளைப் பிரித்தறியத் தெரிந்தது. அதையே டிவியில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. ஆள்தான் வேண்டும், திரை போதாது. அந்த மொழி தெரிந்த பாட்டி வீடியோ அழைப்பில் வந்து குழந்தையோடு பேசுகிறார் என்றால் அது வேறு, தாராளமாகப் பேசட்டும்.

கேள்வி: பிறந்தநாள் விழாக்களில் இனிப்பு சாப்பிட்டதும் என் மகன் பேயாட்டம் ஆடுகிறான். சர்க்கரைதானே காரணம்?

பதில்: இதைச் சொல்லி என் வீட்டிலேயே நான் திட்டு வாங்கியிருக்கிறேன். சர்க்கரை எது, வெறும் இனிப்பூட்டி எது என்று பிள்ளைக்கும் தெரியாமல் பார்ப்பவருக்கும் தெரியாமல் செய்த சோதனைகளை ஒன்றாகச் சேர்த்து 1995-ல் அலசினார்கள். சர்க்கரையால் குழந்தைகளின் நடத்தை மாறவில்லை. அதற்கு முந்தைய வருடம் வந்த சோதனை இன்னும் ருசி. தங்கள் பிள்ளைக்குச் சர்க்கரை ஒத்துக்கொள்ளாது என்று நம்பிய அம்மாக்களில் பாதிப் பேரிடம், பையனுக்கு இப்போது நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம் என்றார்கள். உண்மையில் எல்லாப் பையன்களுக்கும் கொடுத்தது சர்க்கரை இல்லாத இனிப்பூட்டிதான். சர்க்கரை என்று கேள்விப்பட்ட அம்மாக்கள் பையன் அளவுக்கு மீறித் துள்ளுவதாகச் சொன்னார்கள், அவனைவிட்டு நகராமல் பக்கத்திலேயே இருந்தார்கள், அதிகமாகக் குறை சொன்னார்கள்.

பல்லுக்காக இனிப்பைக் குறையுங்கள், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. பேயாட்டத்துக்கு, அந்த விழாவில் எத்தனை பிள்ளைகள், எத்தனை பலூன், பையன் மதியம் தூங்கினானா என்று பாருங்கள்.