சேலத்தில் இருந்தபடி வெப்சைட் வேலை: கேட்டவர்களுக்குப் பதில்

வெப்சைட் செய்துகொடுப்பதுதான் என் பிழைப்பு. கம்பெனி கிடையாது, பார்ட்னர் கிடையாது. கொலுசு வியாபாரி, ஜவ்வரிசி மண்டி, ஏற்காடு காட்டேஜ் என்று வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் இந்த மாவட்டத்துக்காரர்கள். நான் எங்கே படித்தேன், இதுவரை என்னென்ன செய்தேன் என்று கேட்டவர்களுக்கும், அதையொட்டி வேறு சந்தேகம் கேட்டவர்களுக்கும் இங்கே பதில்.

அண்ணா, நீங்க எந்தக் கோர்ஸ் படிச்சீங்க? ஐந்து ரோடு பக்கம் ஒரு சென்டரில் ஃபுல் ஸ்டாக் (வெப்சைட்டின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும்) சொல்லித் தர பெரிய தொகை கேட்கிறார்கள். சேரலாமா? (கல்லூரி மாணவர், அம்மாபேட்டை)

நான் படித்தது கணிதம், தம்பி. சாயங்கால வகுப்பு ஒன்றில் பி.எச்.பி. என்ற வெப்சைட் நிரல்மொழி கற்றேன். மீதி எல்லாம் வேலை செய்யும்போது தேடித் தேடிப் படித்ததுதான்.

சென்டரில் சேர்வது தப்பில்லை. ஆனால் பணம் கட்டும் முன் அங்கே படித்து முடித்தவர்கள் செய்த வெப்சைட்களைக் காட்டச் சொல். எல்லோரும் ஒரே ஹோட்டல் மெனுவை வேறு வேறு கலரில் செய்திருந்தால் எழுந்து வந்துவிடலாம். சொல்லித் தருபவர் வெளியே யாருக்காவது வேலை செய்துகொடுத்திருக்கிறாரா என்றும் கேள்.

காசில்லாமல் படிக்கவும் வழி இருக்கிறது. ஃப்ரீகோட்கேம்ப் என்ற பயிற்சித் தளம் முழுக்க இலவசம். மொசில்லாவின் எம்.டி.என். என்ற வெப் தொழில்நுட்ப விளக்கப் பக்கங்களை நான் இன்றும் தினம் திறக்கிறேன். ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களைக் கேட்கக் கட்டணமில்லை, சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் பணம். 2022-இல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்தில் உன் கல்லூரிக்கு என்ன பாடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றும் விசாரி. எங்கே படித்தாலும் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் கைக்கு வந்த பிறகு ரியாக்ட் (ஜாவாஸ்கிரிப்டின் மேல் கட்டிய கருவி) பக்கம் போ. கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' (Git) கருவியை முதல் நாளிலிருந்தே பழகு.

எந்த வாடிக்கையாளராவது உங்கள் சர்டிபிகேட்டைக் கேட்டிருக்கிறாரா?

இதுவரை இல்லை. கம்பெனி வேலைக்கும் அரசு டெண்டருக்கும் கேட்பார்கள். கடைக்காரர் கேட்பது, "இதுக்கு முன்னாடி யாருக்குப் பண்ணீங்க, அவர் நம்பர் குடுங்க" என்பதைத்தான்.

யாருக்குமே இன்னும் செய்யவில்லை. போர்ட்ஃபோலியோவில் (செய்த வேலைகளைக் காட்டும் தொகுப்பில்) எதைப் போடுவது? (குகை)

இல்லாத ஹோட்டலுக்குச் செய்யாதீர்கள். சித்தப்பாவின் அச்சகம், தெருமுனை டெய்லர் கடை என்று நிஜமான ஒருவரைப் பிடியுங்கள். நிஜ ஆள் என்றால்தான் போட்டோ தர மாட்டார், திடீரென்று மனசு மாறுவார், எழுத்து சின்னதாக இருக்கிறது என்பார். தொழிலில் பாதி அதைச் சமாளிப்பதுதான்.

அப்புறம், போர்ட்ஃபோலியோவில் படத்தை மட்டும் ஒட்டாதீர்கள். என்ன சிக்கல் இருந்தது, நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள், ஏன் என்று எழுதுங்கள். என்னுடையதிலிருந்து ஒன்று சொல்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் கொலுசுக்காரர் ஒருவர், அமேசான் மாதிரி கார்ட், பேமென்ட் எல்லாம் வேண்டும் என்று வந்தார். கொலுசு விலை எடை, டச் (வெள்ளியின் தரம்), கூலி மூன்றையும் வைத்துத்தான் வருகிறது. வெள்ளி விலை தினம் மாறும். கூலியோ ஆளுக்கு ஆள் வேறு, பழைய பார்ட்டிக்கு ஒன்று, புதியவருக்கு ஒன்று. இதில் விலையைப் போட்டு 'வாங்கு' பட்டன் வைத்தால் தினமும் சண்டைதான் வரும். அதனால் கார்ட்டே வேண்டாம் என்று பேசிப் புரியவைத்தேன். டிசைன் நம்பர், எத்தனை இன்ச், ஜோடி தோராயமாக எத்தனை கிராம், இவ்வளவுதான் பக்கத்தில் இருக்கும். கீழே ஒரு வாட்ஸ்அப் பட்டன். அதை அழுத்தினால் டிசைன் நம்பர் தானாகவே செய்தியில் வந்து நிற்கும். விலை பேசுவதெல்லாம் அவர்கள் வழக்கப்படி போனில்.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது சின்ன வேலை. ஆனால் புதிதாக வருபவரிடம் நான் முதலில் காட்டுவது இதைத்தான். தேவையில்லாததற்குக் காசு வாங்க மாட்டேன் என்பது அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஏற்காட்டில் காட்டேஜ் வைத்திருக்கிறேன். எங்கள் வெப்சைட் திறக்கவே நேரமாகிறது. சீசனில் ஒரே அறையை இரண்டு பேர் புக் செய்துவிடுகிறார்கள். இந்த மாதிரி வேலை பார்த்திருக்கிறீர்களா சார்?

பார்த்திருக்கிறேன். மெதுவாகத் திறப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் போட்டோக்கள்தான். கேமராவிலிருந்து எடுத்ததை அப்படியே ஏற்றினால் ஒவ்வொன்றும் பல எம்.பி. இருக்கும். அகலத்தை 1600 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவில் சேமித்தால் சில நூறு கே.பி.க்குள் வந்துவிடும். கீழே உள்ள படங்கள், பார்ப்பவர் அங்கே வரும்போது இறங்கினால் போதும். முதல் பக்கத்தில் ஓடும் அந்த ட்ரோன் வீடியோவை எடுத்துவிடுங்கள். உங்கள் விருந்தாளி அதை வீட்டு வைஃபையில் பார்க்கலாம். ஆனால் போன் நம்பரையும் வழியையும் தேடுவது 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில், சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில். அந்த இரண்டும் வெறும் எழுத்தாக, பக்கத்தின் மேலேயே இருக்கட்டும்.

இன்னொன்றும் சேருங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து சேலம் பாதையை அடைத்தால் குப்பனூர் வழியாகத்தான் வர வேண்டும். "இன்று எந்த வழி" என்று ஒரே ஒரு வரி, நீங்களே போனில் இருந்து மாற்றுகிற மாதிரி. நான் செய்துகொடுத்த ஒரு இடத்தில் அந்த வரிக்குக் கிடைத்த நன்றி வேறெதற்கும் கிடைக்கவில்லை.

இரட்டை புக்கிங்குக்குக் காரணம் காலண்டர் இணைப்பு. புக்கிங் தளங்களும் உங்கள் வெப்சைட்டும் ஐகால் என்ற காலண்டர் கோப்பு வழியாகத் தேதிகளைப் பரிமாறிக்கொள்கின்றன. அது உடனுக்குடன் நடக்காது, இடைவெளி விட்டுத்தான் நடக்கும். மே மாதக் கோடை விழா சமயத்தில் அந்த இடைவெளிக்குள்ளேயே இன்னொருவர் பணம் கட்டிவிடுவார். சீசன் மாதங்களில் மட்டும் உங்கள் வெப்சைட்டில் நேரடி புக்கிங்கை நிறுத்திவிட்டு, விருப்பம் தெரிவிக்கும் படிவம் வையுங்கள். போனில் உறுதி செய்த பிறகு பணம் வாங்குங்கள்.

எங்கள் நெசவாளர் சங்கத்தின் பழைய வெப்சைட்டில் தமிழ் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது. மீட்க முடியுமா?

முடியும் ஐயா. அது பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். அதில் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது ஆங்கில எழுத்துதான், அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருப்பார்கள். எழுத்துரு இல்லாவிட்டால் வேஷம் கலைந்துவிடும், கூகுளிலும் தேட முடியாது. 2010-இல் தமிழக அரசே யூனிகோடை ஏற்ற பிறகும் பலர் மாறவில்லை. மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு எச்சரிக்கை: நடுவில் உண்மையான ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் இருந்தால் கருவி அவற்றையும் தமிழாக்கி உளறிவைக்கும். முதலில் அவற்றைத் தனியே பிரித்துவிட்டு அப்புறம் மாற்றச் சொல்லுங்கள்.

முழுப் பணமும் கொடுத்ததால் கோட் தன்னுடையது, போர்ட்ஃபோலியோவில் காட்டக் கூடாது என்கிறார் வாடிக்கையாளர். சரியா அண்ணா? (சூரமங்கலம்)

எழுதிக்கொள்ளவில்லை என்றால் அவர் நினைப்பது போல இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் (காப்பிரைட்) கம்ப்யூட்டர் புரோகிராமும் இலக்கியப் படைப்பு வகைதான். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். தனியாக வேலை எடுத்துச் செய்பவர் எழுதிய கோடுக்கு, பொதுவாக அவரே முதல் உரிமையாளர். மாற்றிக் கொடுப்பதை எழுத்தில், கையெழுத்தோடு செய்ய வேண்டும். எத்தனை வருடம் என்று குறிக்காவிட்டால் 5 வருடம், எந்த இடத்துக்கு என்று குறிக்காவிட்டால் இந்தியா என்று சட்டம் எடுத்துக்கொள்ளும்.

இதைச் சொல்லி வாடிக்கையாளரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். நான் முழுப் பணம் வந்ததும் உரிமையை எழுதிக் கொடுத்துவிடுவேன். அதே தாளில் "இந்த வேலையை என் மாதிரியாகக் காட்டலாம்" என்று ஒரு வரி இருக்கும். டொமைனும் (வெப்சைட் முகவரி) ஹோஸ்டிங்கும் (வெப்சைட் இருக்கும் சர்வர் இடம்) முதல் நாளிலிருந்தே அவர் பெயரில், அவர் மின்னஞ்சலில். ஒப்படைக்கும் அன்றே எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் அவர் மச்சினன் கலரை மாற்றிவிடுவான்.

சென்னையில் டெஸ்டிங் வேலையில் இருந்தேன். குழந்தைகளுக்காக விட்டு ஏழு வருடம் ஆகிறது. திரும்ப வரலாமா? (அஸ்தம்பட்டி)

தாராளமாக, அக்கா. என்னைப் போலத் தனியாக வேலை செய்பவர்களிடம் இல்லாதது டெஸ்டிங்தான். தான் எழுதியதைத் தானே சோதித்தால் ஓட்டை கண்ணில் படாது. இங்குள்ள டெவலப்பர்களிடம் முதலில் அதையே வேலையாகக் கேளுங்கள். இடைவெளியை மறைத்து எழுத வேண்டாம்.

ஜி.எஸ்.டி. எடுக்க வேண்டுமா?

சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை கட்டாயமில்லை. பெங்களூரு வாடிக்கையாளராக இருந்தாலும் இதே கணக்குதான்.

பையன் கம்பெனிக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து இதைச் செய்கிறேன் என்கிறான். நாளைக்குப் பெண் கொடுப்பார்களா?

பெண் வீட்டாருக்கு நான் பதில் சொல்ல முடியாது ஐயா. வருமானத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு மாதம் கொட்டும், அடுத்த மாதம் காயும். பாதி அட்வான்ஸ் வாங்கிய பிறகே தொடங்குகிறானா, வருடப் பராமரிப்புக்குத் தனியாகப் பணம் பேசுகிறானா என்று பாருங்கள். பராமரிப்புப் பணம் வீட்டுச் செலவைத் தாங்கும் அளவுக்கு வந்துவிட்டால் விட்டுவிடலாம். அதுவரை ஒன்றிரண்டு வருடம் கம்பெனிக்கு அனுப்புங்கள். அவன் எழுதியதை இன்னொருவர் வரி வரியாகப் படித்துத் திருத்துவது அங்கேதான் நடக்கும், வீட்டில் உட்கார்ந்தால் கிடைக்காது.