'உணவகத் தரத்தில் சாப்பாடு' என்று சொல்லும் சொகுசு முதியோர் குடியிருப்புக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

அம்மாவுக்காக ஒரு சொகுசு முதியோர் குடியிருப்பைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். பெரிய ஹோட்டலில் வேலை பார்த்த செஃப், உணவகத் தரத்தில் மூன்று வேளை, மேஜைக்கே வந்து பரிமாறும் ஆட்கள் என்றெல்லாம் காட்டி, அதற்காகவே தனியாக ஒரு தொகை கேட்கிறார்கள், கொடுக்கலாமா என்பது உங்கள் கேள்வி. அந்தப் 'பெரிய ஹோட்டலில் வேலை பார்த்த செஃப்' வகையறாவில் ஒருவன்தான் நான், அதனால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எந்தக் குடியிருப்புக்கும் ஆள் பிடிப்பவன் இல்லை. 'பெற்ற தாயை வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாதா' என்று பாடம் எடுக்க வருபவர்கள் தயவுசெய்து வேறு பதிலுக்குப் போய்விடுங்கள். கேட்டவர் வீட்டு நிலைமை அவருக்குத்தான் தெரியும். அண்ணன் ஒன்று சொல்வார், தங்கை ஒன்று சொல்வாள், அம்மா 'எதுவானாலும் சரி' என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்ப்பார், நடுவில் நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ஹோட்டலை விட்டு நான் முதியோர் குடியிருப்புக் கிச்சனுக்குப் போனபோது கூட வேலை பார்த்தவர்கள் 'இப்பவே ரிட்டயர் ஆகிட்டியா' என்று கேலி செய்தார்கள். அவர்களில் பாதிப் பேரால் அந்தக் கிச்சனில் ஒரு வாரம் தாக்குப்பிடிக்க முடியாது. திமிர் என்று தோன்றினால் தோன்றட்டும். ஹோட்டலுக்கு வருகிறவர் எப்போதாவது வருகிறார், பசியோடு வருகிறார், கொண்டாடுகிற மனநிலையில் வருகிறார். உப்பையும் வெண்ணெயையும் ஒரு பிடி தூக்கலாகப் போட்டால் பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். குடியிருப்பில் அதே முகங்களுக்கு வருடத்துக்கு 1,095 வேளை சமைக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் மெனு நான்கு வாரத்துக்கு ஒருமுறை சுற்றி வரும், மூன்றாவது சுற்றிலேயே 'இன்றைக்கு என்ன' என்று கேட்காமல் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

உப்பு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வயதுவந்த எவருக்கும் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹோட்டல் கை பழகியவன் அதில் பெரும்பகுதியை ஒரே வேளையில் தீர்த்துவிடுவான். சரி, குறைப்போம் என்றால், வயதாக ஆக மூக்கு மங்கிப்போகிறது, வாசனை தெரியாவிட்டால் ருசியில் பாதி போச்சு. சில மாத்திரைகள் வாயை உலர்த்துகின்றன, சில வாயில் இரும்பைக் கடித்த மாதிரி ஒரு ருசியை விட்டுவைக்கின்றன. ஆக உப்பைத் தொடாமல் புளிப்பு, வறுத்த மணம், காளான், நன்றாக வற்றவைத்த தக்காளி என்று சுற்றி வளைத்து ருசியைக் கொண்டுவர வேண்டும். அதற்கு மேல் அளவுப் பிரச்சினை. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்று நிபுணர் குழு ஒன்று 2013-இல் பரிந்துரைத்தது. பொதுவாகச் சொல்லும் 0.8 கிராமைவிட இது அதிகம் (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கணக்கு வேறு, டாக்டரைக் கேளுங்கள்). 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம் என்று கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அவர் சாப்பிடப்போவதோ கைப்பிடி அளவு. அந்தக் கைப்பிடிக்குள் இதை எப்படித் திணிப்பது என்று யோசிப்பதுதான் என் தினசரி வேலை. கொலஸ்ட்ரால் மாத்திரைகள் சிலவற்றோடு கிரேப்ஃப்ரூட் (ஆரஞ்சு வகைப் பழம், திராட்சை இல்லை) சாறு ஆகாது, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கீரை அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்கக் கூடாது, இதெல்லாம் கிச்சனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்த ஹோட்டலில் இதைக் கேட்டார்கள்?

இப்போது எனக்கு வலிக்கிற இடத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்த்த குடியிருப்பில் ஒரு அம்மா இருந்தார், பேர் வேண்டாம். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், வாய் கொஞ்சம் நீளம், டைனிங் ஹாலில் ஜன்னலோர மேஜையில் மூன்று தோழிகளோடு உட்கார்ந்து எல்லாரையும் எடை போடுவார். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரி போய்த் திரும்பியபோது விழுங்குவதில் சிரமம். பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சையாளர் பார்த்துவிட்டு நான்காம் நிலை உணவு என்று எழுதிக் கொடுத்தார். உலகம் முழுக்க இப்போது 0 முதல் 7 வரை இதற்கு ஒரு நிலைப் பட்டியல் இருக்கிறது, 4 என்றால் மெல்லவே தேவையில்லாத, கட்டியில்லாத மசியல். கரண்டியில் எடுத்தால் உருவம் கலையாமல் நிற்க வேண்டும், சாய்த்தால் ஒட்டாமல் மொத்தமாக வழுக்கி விழ வேண்டும். நிலையை முடிவு செய்தவர் அந்தச் சிகிச்சையாளர், நான் இல்லை. சமையல்காரன் மருத்துவம் பேசுகிறான் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

எனக்கு முன்னால் இருந்த பழக்கம் என்னவென்றால், அன்றைய சாப்பாட்டை அப்படியே மிக்ஸியில் போட்டு, பழுப்பு நிறத்தில் ஒரு கிண்ணத்தில் ஊற்றி, ஹாலுக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் வைத்து ஊட்டிவிடுவது. அந்த அம்மா இரண்டு வேளை அங்கே உட்கார்ந்தார், அப்புறம் அறையை விட்டே வரவில்லை. ட்ரே போகும், தொட்ட அடையாளமே இல்லாமல் திரும்பி வரும். எடை இறங்கிக்கொண்டே போனது.

நாங்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அரைத்தோம். மீன் தனி, காரட் தனி, பட்டாணி தனி. தண்ணீர் விட்டு அரைத்தால் ருசி ஓடிவிடும், அது வெந்த சாற்றையே விட்டு அரைத்து, சல்லடையில் தேய்த்து, கெட்டிப்படுத்தும் பொடியைக் கலந்து, அச்சில் வைத்து, ஆவியில் சூடு காட்டி எடுத்தோம். வெள்ளை மீனை வெள்ளைத் தட்டில் வைத்தால் மங்கிய கண்ணுக்குத் தட்டு காலியாகத்தான் தெரியும், அதனால் அடர் நிறத் தட்டு. 2004-இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முற்றிய அல்சைமர் நோயாளிகளுக்கு வெள்ளைத் தட்டுக்குப் பதில் பளிச்சென்ற சிவப்புத் தட்டும் கோப்பையும் கொடுத்தபோது, உணவு 25 சதவீதமும் குடிப்பது 84 சதவீதமும் கூடியது. சிறிய ஆய்வுதான், இந்த அம்மாவுக்கு அந்த நோயும் இல்லை, ஆனாலும் தட்டை மாற்ற என்ன செலவு?

தட்டு தயார். எங்கே உட்கார வைப்பது என்றதும் நிர்வாகத்தில் மூக்கைச் சுளித்தார்கள். வாயோரம் வழிகிறது, தோளில் துணி போட வேண்டியிருக்கிறது, இடத்தைச் சுற்றிப் பார்க்க வரும் குடும்பங்கள் கண்ணில் பட்டால் 'ஹாலின் தோற்றம்' கெடுமாம். இந்த வார்த்தையை என் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். அப்படியானால் மெனு அட்டையில் என் பேரையும் எடுத்துவிடுங்கள், ஹாலுக்கு யார் வரலாம் என்று வாசலில் நின்று பொறுக்குகிற கிச்சனுக்கு நான் செஃப் இல்லை என்றேன். கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு விட்டுவிட்டார்கள்.

அந்த அம்மா ஜன்னலோர மேஜைக்குத் திரும்பினார். பரிமாறுகிற பெண் மற்ற மூவருக்கும் மெனு வாசித்த மாதிரியே அவருக்கும் வாசித்தாள், வாசித்தால் இரண்டு வகையாவது இருக்க வேண்டுமே, அதனால் மசியலிலும் தினம் இரண்டு வகை செய்தோம். சில நாளில் தட்டைத் தள்ளிவிட்டு, குழறுகிற நாக்கோடு, 'நேற்றைக்கு இருந்த ருசி இன்றைக்கு இல்லை, செஃப் தூங்கிட்டாரா' என்று சொல்லி அனுப்பினார். கிச்சனில் எல்லோரும் சிரித்தோம். உண்மையிலேயே அன்றைக்குக் காரட் சுமார்தான்.

ஊருக்கே அந்த அம்மாவை வைத்து அளக்கிறேன், எல்லாருக்கும் மசியல் வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம்தான். உங்கள் அம்மா இன்றைக்கு நன்றாகச் சாப்பிடலாம். ஆனால் அங்கே சேர்ப்பது இன்றைக்கு மட்டும் இல்லையே.

உபசரிப்பு என்றவுடன் வெள்ளைக் கையுறையும் மடித்த நாப்கினும்தான் காட்டுவார்கள். எனக்கு அது இரண்டாம் பட்சம். நாற்காலிக்குக் கைப்பிடி இருக்கிறதா, அதை ஊன்றித்தானே எழுந்திருக்க வேண்டும். 60 வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சம் 20 வயதுக் கண்ணுக்குள் போவதில் மூன்றில் ஒரு பங்குதான் என்பார்கள், இவர்கள் என்னவோ தேனிலவு ஜோடிக்கு மாதிரி விளக்கை மங்கலாக வைத்திருப்பார்கள். கல் தரை, உயரமான கூரை, மேலே வழியும் இசை, காது கேட்கும் கருவி போட்டவருக்கு எதிரில் இருப்பவர் பேசுவது ஒரு வார்த்தை புரியாது. படம் எடுக்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். பரிமாறுகிறவர் 'அம்மாவுக்கு என்ன வேணும்' என்று உங்களைக் கேட்கிறாரா, அம்மாவைக் கேட்கிறாரா என்று கவனியுங்கள். 80 வயது ஆளைச் செல்லம், குட்டி என்று கொஞ்சுகிற இடமாக இருந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சில இடங்களில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆப்பில் மேஜை பதிவு செய்ய வேண்டுமாம். அதற்கு ஓடிபி. கண்ணாடியைத் தேடி எடுத்து, எண்ணைப் படித்து, நடுங்குகிற விரலால் அடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. குடியிருப்பு மட்டுமா, வங்கி, சிம் கார்டு, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் இதே கதை. என் அப்பா சொந்தப் பணத்தை எடுக்க நான் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. இதை வடிவமைக்கிறவர்கள் வீட்டில் வயதானவர்களே கிடையாதா? சரி, கேள்வியை விட்டு எங்கேயோ போய்விட்டேன்.

பணம் கொடுப்பதற்கு முன் வார நாள் ஒன்றில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போங்கள். ஞாயிறு மதியம் போகாதீர்கள், அன்றைக்கு எல்லாக் கிச்சனும் மாப்பிள்ளை வேஷம் போட்டிருக்கும். காசு கொடுத்தாவது நீங்களும் சாப்பிடுங்கள். தட்டு உள்ளே போவதைப் பார்ப்பதை விட கழுவப் போகும் தட்டுகள் பக்கம் நின்று பாருங்கள், என்ன மிச்சமாகிறது என்பது எந்த விளம்பரத்தையும் விட உண்மை பேசும். நான்கு வார மெனுவையும் கையில் கேட்டு வாங்குங்கள். ராத்திரி பத்து மணிக்குப் பசித்தால் என்ன கிடைக்கும், பரிமாறுகிற பெண் எத்தனை மாதமாக அதே ஹாலில் இருக்கிறாள், உணவு நிபுணர் வாரம் எத்தனை முறை கிச்சனுக்குள் வருகிறார் என்று கேளுங்கள். கடைசியாக, ஹாலுக்கு வராமல் அறையிலேயே சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர், ஏன் என்று கேளுங்கள். அதற்கு முகம் மாறாமல் பதில் வந்தால் கூடுதல் தொகையைக் கொடுக்கலாம். 'அதெல்லாம் நர்சிங் பகுதி பார்த்துக்கொள்ளும்' என்று பேச்சை மாற்றினால், செஃப் எந்த ஹோட்டலில் வேலை பார்த்திருந்தாலும் வேண்டாம்.

உங்கள் அம்மாவுக்கு மெல்லுவதிலோ விழுங்குவதிலோ சிரமம் உண்டா, சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கருத்தில் சொன்னால், கிச்சனில் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தவரை சொல்கிறேன். எந்த இடம் நல்லது என்று மட்டும் கேட்காதீர்கள், அதைச் சொல்ல மாட்டேன்.