பள்ளிச் சுற்றுலாவில் கை முறிவு: பதில்

அண்ணே, பிள்ளையார்பட்டி சுற்றுலாவில் மகன் கை முறிந்தும் சாயங்காலம் வரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை, கேட்டால் 'சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டீங்களே' என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கையெழுத்து அவர்கள் கவனக்குறைவை மூடிவிடாது. டெல்லி சுற்றுலாவில் மூளைக்காய்ச்சல் கண்ட பெங்களூரு மாணவிக்கு 88.73 லட்சம் இழப்பீட்டை 2021இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

நீங்களும் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். ஆனால் ஒன்று. பள்ளிச் சுற்றுலாகூட நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2020இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னதைப் பள்ளி வக்கீல் கட்டாயம் நீட்டுவார். அதற்கு உச்ச நீதிமன்றத்தின் அந்த 2021 தீர்ப்பைக் காட்டுங்கள். ஆணையம் ஏற்காமல் போனாலும் வழி இருக்க, சிவில் வழக்குக்கும் உங்கள் வக்கீலிடம் பேசி வையுங்கள்.

சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் வழக்குப் போடணும். பள்ளிக்குக் கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. எக்ஸ்ரே சீட்டில் இருக்கும் நேரம்தான் உங்கள் பெரிய சாட்சி. அப்புறம், டீச்சரின் வாட்ஸ்அப்பை இன்றைக்கே படம் பிடித்து வையுங்கள், அழித்துவிடுவார்கள்.