வெள்ளமும் தண்ணீரும்

அன்புள்ள ஐயா,

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறோம். வீட்டில் தமிழ், ஐந்து வயது மகன் படிப்பது மலையாளத்தில். ‘பாட்டி, வெள்ளம் தா’ என்றுதான் தண்ணீர் கேட்கிறான். படத்தைக் காட்டிப் பெயர் கேட்டால் திணறுகிறான். வீட்டிலும் மலையாளமே பேசுங்கள் என்கிறார் ஆசிரியை. தமிழை நிறுத்திவிடலாமா?

ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்தாதீர்கள்.

திணறல் உண்மைதான். படத்தைக் கண்டதும் அவனுக்கு இரண்டு மொழிச் சொற்களும் சேர்ந்தே எழுகின்றன. ஒன்றை அடக்கி மற்றதைச் சொல்ல வேண்டும். பேசும் நேரமும் இரு மொழிக்கும் பங்காவதால் ஒவ்வொரு சொல்லும் குறைவாகவே புழங்குகிறது. அதனால் வரும் சிறு தாமதம் அது, மந்தம் அல்ல. ஆசிரியை மலையாளச் சொற்களை மட்டும் எண்ணுகிறார்; நீங்கள் தமிழ்ச் சொற்களை மட்டும் எண்ணுகிறீர்கள். ஒரு வாரம் இரண்டையும் ஒரே நோட்டில் எழுதிப் பாருங்கள்.

வேலந்தாவளத்தில் என் பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு ஆறு வயது. ‘குட்டி எவிடே?’ என்று எதிர்வீட்டுச் சேச்சி கேட்டதும், பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த பாட்டி ஆட்டுக்குட்டியைத் தேடித் திண்ணையை விட்டு இறங்கிவிட்டார். சிறுமி சேலையைப் பிடித்து இழுத்து, அவர்களுக்குக் குட்டி என்றால் பிள்ளை, பாட்டி என்றாள். பொருள் வேறு, அதற்கு இட்ட பெயர் வேறு என்ற தெளிவு அது. இரண்டு மொழிக்குள் வளரும் பிள்ளைகளுக்கு அது சீக்கிரமே வாய்த்துவிடுகிறது.

இருமொழி புத்தியை மழுங்கடிக்கும் என்றுதான் முன்பு நம்பினார்கள். 1962இல் கனடாவின் மான்ட்ரியலில் பத்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்த ஆய்வாளர்கள் பீலும் லாம்பெர்ட்டும் அதை மறுத்தார்கள். நமக்கு இன்னும் நெருக்கமானது ஒடிசாவில் உளவியலாளர் அஜித் மொஹந்தி செய்த ஆய்வு. குயி மொழியை இழந்து ஒடியா மட்டும் பேசிய கோந்த் பழங்குடிக் குழந்தைகளைவிட, இரண்டையும் பேசியவர்களே அறிவுச் சோதனைகளில் முன்னே நின்றார்கள். வீட்டு மொழியை விடச் சொல்பவர்களுக்கு இதைத்தான் நான் எடுத்துச் சொல்வேன்.

ஆனால் இருமொழி பிள்ளையை மேதையாக்கும் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். 4,500க்கும் மேற்பட்ட அமெரிக்கக் குழந்தைகளின் கவனக் கட்டுப்பாட்டை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில் அப்படியொரு மேன்மை தென்படவில்லை. தமிழ் அவன் பாட்டியோடு பேசுவதற்கு. வேறு லாபம் காட்டி அதை நியாயப்படுத்தத் தேவையில்லை.

இரண்டு மொழியிலும் சொன்னது புரியாமல் விழித்தால் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். மற்றபடி, அவன் வெள்ளம் கேட்டால் பாட்டி அதட்ட வேண்டாம். ‘தண்ணீரா? இந்தா’ என்று சொம்பை நீட்டட்டும்.