மேக்ரோ எழுதும் தம்பிக்கு

நீங்கள் அனுப்பிய லிஸ்ப் நிரலைப் படித்தேன், தம்பி. மேக்ரோக்களை, அதாவது நிரல் ஓடுவதற்கு முன்பே அதை வேறு நிரலாக மாற்றி எழுதும் விதிகளை, வைத்துச் சொந்தமாக ஒரு குட்டி மொழியே கட்டியிருக்கிறீர்கள். அதைப் பார்த்த அப்பா, "இதையெல்லாம் எந்தக் கம்பெனியில் கேட்கப் போகிறார்கள்? ஒழுங்காக ஜாவா படி" என்றாராம். லிஸ்ப்பை விட்டுவிடத்தான் வேண்டுமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். ஆனால் அப்பாவின் பயத்திலும் நியாயம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆலோசகராவதற்கு முன் சில வருடம் நானும் ப்ரோகிராமராக இருந்தவன். ஒரு சிறிய நிறுவனத்தில் எனக்கு முன்பு இருந்தவர், சி மொழியின் மேக்ரோக்களால் தனக்கென்று ஒரு பாஷை செய்து வைத்திருந்தார். லூப்புக்கும் அவர் வைத்த பெயர்தான், பிழை கையாளுவதற்கும் அவர் வைத்த பெயர்தான். கெட்டிக்காரர், சந்தேகமே இல்லை. ஆனால் அவர் வேலையை விட்டுப் போனபின், சி நன்றாகத் தெரிந்த எனக்கே அதில் ஒரு வரி புரியவில்லை. இரண்டு வாரம் அந்த மேக்ரோக்கள் இருந்த ஹெடர் ஃபைலை மட்டும் உட்கார்ந்து படித்தேன். கம்பெனிகள் ஸ்டாண்டர்டை, அதாவது எல்லோருக்கும் பொதுவாக எழுதி வைத்த விதிகளை, பிடித்துக்கொண்டு தொங்குவது இதனால்தான். நாளைக்கு வருகிறவருக்கும் அது புரிய வேண்டும்.

உங்கள் லிஸ்ப்பே இந்தப் பாட்டைப் பட்டதுதான். 1958இல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய மொழி. இஷ்டப்படி வளர்க்க முடிந்ததால் ஆளுக்கொரு பக்கம் வளர்த்தார்கள். மேக்லிஸ்ப், இன்டர்லிஸ்ப் என்று கிளைகள் பிரிந்தன. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் அப்படியே ஓட்ட முடியாது. கடைசியில் எண்பதுகளில் பலர் கூடிப் பேசி காமன் லிஸ்ப்பை உருவாக்கினார்கள், 1994இல் அது அமெரிக்கத் தர அமைப்பான ஆன்சியின் ஸ்டாண்டர்டு ஆனது. அந்த ஸ்டாண்டர்டு மேக்ரோவைத் தூக்கி எறியவில்லை என்பதைக் கவனியுங்கள். மொழியை எப்படி நீட்டலாம் என்பதையும் சேர்த்தே எழுதி வைத்தது.

இணையதளங்களில் ஓடும் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் நடந்தது இன்னும் வேடிக்கை. மூடூல்ஸ் என்ற லைப்ரரி (பிறர் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு), மொழிக்குச் சொந்தமான அர்ரே என்ற பட்டியல் வகையிலேயே, உள்பட்டியல்களைப் பிரித்து ஒரே பட்டியலாக்க 'ஃபிளாட்டன்' என்று ஒரு மெத்தடைச் சேர்த்திருந்தது. பிற்பாடு அதே பெயரில் ஒரு மெத்தடை ஸ்டாண்டர்டுக்குள் கொண்டுவரப் பார்த்தபோது, மூடூல்ஸை நம்பியிருந்த பழைய தளங்கள் உடையும் என்று தெரிந்தது. 2018இல் பெரிய விவாதம். 'ஸ்மூஷ்' என்று வைத்துவிடலாம் என்று ஒருவர் கிண்டலாகச் சொல்ல, அதைப் பலர் நிஜமென்றே எடுத்துக்கொண்டார்கள்! கடைசியில் 'ஃபிளாட்' என்ற பெயரில் 2019 ஸ்டாண்டர்டில் வந்தது. எல்லோருக்கும் பொதுவான பெயரில் கை வைத்தால் இப்படித்தான். உங்கள் நிரலிலும் இரண்டு இடத்தில் மொழியின் சொந்தப் பெயர்களை மாற்றி எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் எடுத்துவிடுங்கள்.

சரி, வேலைக்கு என்ன படிப்பது? டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்கியூஎல்லிலிருந்து தொடங்கச் சொல்வேன். 1986 முதல் ஸ்டாண்டர்டு உள்ள மொழி. ஆனாலும் முதல் பத்து வரிசையை எடுக்க டேட்டாபேஸுக்கு டேட்டாபேஸ் வேறு சொல்: மைஎஸ்கியூஎல்லில் 'லிமிட்', எஸ்கியூஎல் சர்வரில் 'டாப்', ஸ்டாண்டர்டில் 'ஃபெட்ச் ஃபர்ஸ்ட்'. தகவலை எடுக்க, இணைக்க, தொகுக்க உதவும் செலக்ட், ஜாயின், குரூப் பை மூன்றும் கைவந்துவிட்டால், இந்த வித்தியாசங்களைப் போகிற இடத்தில் ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளலாம். எது எங்கேயும் செல்லும், எது இந்த ஒரு டேட்டாபேஸில் மட்டும் செல்லும் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தால் நேர்முகத்தேர்வில் அதற்குத் தனி மதிப்பு.

இதை வைத்து, உலகத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் ஸ்டாண்டர்டு இருந்தால்தான் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பைத்தானுக்கு அப்படி ஒன்று கிடையாது. அதனால் அதற்கு வேலை குறைந்துவிடவில்லை.

ரெஸ்யூமேயில் லிஸ்ப்பைத் 'தெரிந்த மொழிகள்' வரியில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். ப்ராஜெக்டாகப் போடுங்கள், கூடவே ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். "சாதாரண ஃபங்ஷனே போதாதா, மேக்ரோ எதற்கு?" என்று கட்டாயம் கேட்பார்கள். ஃபங்ஷன் என்பது பெயர் வைத்த ஒரு நிரல் துண்டு, அதை அழைத்தால் அதற்குக் கொடுத்த எல்லாமே முதலிலேயே கணக்கிடப்பட்டுவிடும். மேக்ரோவுக்கோ நிரல் அப்படியே கைக்கு வரும், எதை ஓட்டுவது, எதை விடுவது என்று அதுவே முடிவு செய்யலாம். உங்கள் 'இல்லாவிட்டால்' மேக்ரோவை உதாரணமாகக் காட்டி இதை விளக்குங்கள். அப்புறம், உங்கள் மேக்ரோக்களில் பாதிக்கு மேல் ஃபங்ஷனாகவே எழுதியிருக்கலாம் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர்கள் கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது நல்லது.

அப்பாவிடம் ஜாவா மாட்டேன் என்று மல்லுக்கட்ட வேண்டாம். ஜாவா நிரல்களை ஓட்டும் ஜேவிஎம் என்ற அதே மென்பொருள் மீது ஓடுகிற லிஸ்ப் ஒன்று இருக்கிறது, பெயர் க்ளோஜர். ஜாவா லைப்ரரிகளை அதிலிருந்து நேரடியாக அழைக்கலாம். இந்த செமஸ்டரில் எஸ்கியூஎல்லும் ஜாவாவும் முடியுங்கள். விடுமுறையில் க்ளோஜரை இறக்கிப் பாருங்கள்.